ஜன்னல், மேசை, சாவி

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் உபாத்தியாயரைக் காணோமே என்று விசாரித்துக் கடிதம் எழுதிய நேயர்களுக்கு முதலில் என் நன்றி. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டவர்கள் சிலர். "சரக்குத் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டவர் ஒருவர். உடம்பு சௌக்கியந்தான். சரக்கைப் பற்றி, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த நேயரே தீர்மானம் செய்துகொள்ளட்டும். உண்மை என்னவென்றால், கோடை விடுமுறையில் நான் ஐரோப்பாவுக்குப் போயிருந்தேன்.

"உபாத்தியாயருக்கு ஐரோப்பாவா!" என்று புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சகதர்மிணி அறியச் சீட்டுக் கட்டி, அவள் அறியவே அதை எடுத்து, அவள் சம்மதத்தின் பேரிலேயே புறப்பட்டேன். "இருபத்தைந்து வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்கிறீர்கள். ஒரு தடவை போய்விட்டு வந்துவிட்டால் பேச்சாவது நிற்கும்" என்பது அவள் அருளிய உத்தரவு.

அந்த இருபத்தைந்து வருஷப் பேச்சின் மூலம் இதுதான். கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். அந்த அறைச் சுவரில் யாரோ விட்டுப்போன பழைய காலண்டர் ஒன்று தொங்கியது. மாதங்கள் எல்லாம் கிழிந்து போய்ப் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. செங்குத்தான ஒரு சந்தில் மஞ்சள் நிற டிராம் வண்டி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. சந்தின் கோடியில் நீல நிறத்தில் தண்ணீர் தெரிகிறது. எந்த ஊர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "என்றைக்காவது நாம் நாலு பேரும் அந்த டிராமில் ஏற வேண்டும்" என்று சொல்லிக்கொள்வோம். அது போர்த்துகல் தேசத்துத் தலைநகராகிய லிஸ்பன் என்பது நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாலு பேரில் ஒருவர் எஞ்சினியர். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் உத்தியோகம். இன்னொருவர் மதுரையில் டாக்டர். மூன்றாமவர் வக்கீல். நான்காவது ஆசாமியை நேயர்கள் அறிவார்கள். பிராங்க்பர்ட்டில் ஒன்று சேர்ந்து, அங்கிருந்து விமானம் ஏறி, மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல் லிஸ்பன் போய் இறங்கினோம். நாலு நாள் தங்குவதாக ஏற்பாடு.

எஞ்சினியர் தமது கைபேசியில் ஒரு கால அட்டவணை தயாரித்து வைத்திருந்தார். நாலு நாளில் பார்க்க வேண்டிய இடங்கள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கு. சாப்பாட்டுக்குக் கூட நிமிஷம் ஒதுக்கியிருந்தார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தூக்கம் என்று ஒன்றையும் காணோமே, அப்பா?" என்றார். கொரோனா ஆண்டுகளில் ஆஸ்பத்திரியில் விழித்த கண் அவருடையது. "எனக்கு ஊரும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். டெலிபோன் அடிக்காத ஒரு கட்டில் கிடைத்தால் போதும்" என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தார்.

வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன். காரணம் பிறகு தெரிந்தது.

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீடு ஆல்பாமா என்ற பழைய பேட்டையில் இருந்தது. லிஸ்பனை அராபியர் ஆண்ட காலத்துப் பெயர் அது. வீடுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தெருக்களில் பாதி தெருவே அல்ல, படிக்கட்டுகள். இந்த ஜன்னலில் கட்டிய கொடியின் மறு நுனி எதிர் வீட்டு ஜன்னலில். துணி உலர்வதைப் பார்த்ததும் டாக்டருக்கு மதுரை ஞாபகம் வந்துவிட்டது.

வாசலில் எங்களை எதிர்கொண்ட வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. எங்களுக்குப் போர்த்துகீசியம் ஒரு வார்த்தையும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் இடுப்பிலிருந்து ஓர் இரும்புக் கொத்தை எடுத்து ஆட்டி, "ஷாவ்" என்றாள். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுவரைக் காட்டி, "ஜனேலா" என்று சொல்லி அதைத் திறந்தாள், வெளிச்சம் வந்தது. கூடத்து நடுவில் இருந்ததைத் தட்டி, "மேஸா" என்றாள். மூலையில் இருந்த பெரிய மரப் பெட்டகத்தைத் திறந்து, "அர்மாரியு" என்றாள். அதற்குள்ளிருந்து நாலு எடுத்துக் கையில் கொடுத்து, "துவால்யா" என்றாள்.

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை!

டாக்டர் பிரமித்துப் போய், "யாரப்பா இந்த அம்மாளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

உபாத்தியாயர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள், கற்றுக்கொண்டவர்கள் நாம் என்பதை விளக்கினேன். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கடற்கரைகளில் வந்து குடியேறியபோது சாமான்களோடு அவற்றின் பெயர்களும் வந்து இறங்கின. மேஸ்திரி, ஏலம், பீப்பாய், பேனா எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவை. அன்னாசிப் பழமும் அப்படியே, பழமும் பெயரும் சேர்ந்து வந்தது. நம் சமையலறையில் இன்று ராஜ்யபாரம் செய்யும் மிளகாயே அமெரிக்காவிலிருந்து அவர்கள் மூலம் வந்ததுதான். அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகை நம்பியிருந்தார்கள்.

"ஜன்னலைக் கொடுத்தார்கள், சரி. மிளகை எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு கணக்கு நேராகிவிட்டதா, வாத்தியாரே?" என்றார் வக்கீல். குரலில் வேடிக்கை இல்லை. நான் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை அட்டவணைப்படி ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். டாக்டர் பதினொரு மணிக்கு எழுந்தார். எஞ்சினியர் முகத்தில் நாலு கோட்டைகள் இடிந்து விழுந்த துயரம். ஒருவாறு சமாதானம் செய்துகொண்டு, ஆற்றங்கரையோடு போகும் டிராமில் ஏறி, நகரத்தின் மேற்கே பெலெம் என்ற இடத்துக்குப் போனோம்.

பெலெமில் ஜெரோனிமுஸ் என்ற பெரிய மடாலயம் இருக்கிறது. வெள்ளைக் கல்லில் கயிறும் கொடியும் பவழமுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். 1501-ம் ஆண்டில் கட்ட ஆரம்பித்தது. பணம் ஏது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த சரக்கின்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் விதித்த வரிதான் அஸ்திவாரம். அந்தச் சரக்கில் தலையாயது மிளகு. மலையாளக் கரையில் கொடியிலிருந்து பறித்த மிளகு இங்கே கல்லாகச் சமைந்து நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கோயிலுக்குள் நுழைந்தவுடன் ஒரு பக்கம் லூயிஸ் த கமோயிஷ் என்ற மகாகவியின் சமாதி. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் சமாதி. நான் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவன். இருபது வருஷமாக ஆண்டுதோறும், "1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து இறங்கினான்" என்று கரும்பலகையில் எழுதி வந்தவன். கொச்சிக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போய், 1524-ல் அங்கே இறந்த காமாவை முதலில் புதைத்த பிரான்சிஸ் கோயிலையும், உள்ளே ஒன்றும் இல்லாத அந்தச் சமாதியையும் காட்டியவன். எலும்புகளை 1539-ல் போர்த்துகலுக்கு எடுத்துப் போனார்கள். 1880-ல் இந்த மடாலயத்துக்குக் கொணர்ந்தார்கள். ஆகவே காலியான சமாதியைக் கண்டவன் நிரம்பிய சமாதியையும் காண வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவல்.

வாசலில் வக்கீல் நின்றுவிட்டார்.

"நீங்கள் போய்விட்டு வாருங்கள். நான் வரவில்லை."

"அட, இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னப்பா!" என்றார் எஞ்சினியர். "செத்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. ஒரு சமாதியைப் பார்ப்பதில் என்ன வந்துவிட்டது? இருபது நிமிஷம் போட்டிருக்கிறேன்."

"உன் நிமிஷத்தை நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வக்கீல் எதிரே இருந்த தோட்டத்தை நோக்கி நடந்தார்.

எஞ்சினியருக்கும் கோபம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்துச் சந்தித்த சிநேகிதர்கள், காலண்டரில் கண்ட ஊருக்கு வந்து, இரண்டாம் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்! நாங்கள் மூவரும் உள்ளே போனோம். சலவைக்கல்லில் காமா கைகூப்பிப் படுத்திருந்தான். எனக்கு அவனைப் பற்றி வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது ஞாபகத்துக்கு வந்தது. 1502-ல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலை மலையாளக் கரைக்கு அப்பால் மறித்து, அதிலிருந்த நூற்றுக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கப்பலோடு கொளுத்தினான் அவன். கூடப் போன போர்த்துகீசியர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்பதற்காக இருபது வருஷம் நான் அதைச் சொல்லவில்லை. எஞ்சினியர் ஒதுக்கிய இருபது நிமிஷத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வந்து வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். 1955-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி, கோவாவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்பதற்காகத் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் சத்தியாக்கிரகிகள் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். கையில் கொடியைத் தவிர ஒன்றும் இல்லாதவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது; பலர் மாண்டார்கள். அந்தக் கூட்டத்தில் வக்கீலின் தாத்தாவும் இருந்தார். அடிபட்ட இடது தோளோடு ஊர் திரும்பியவர் அதன்பின் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கியதில்லை. "என்னைத் தோளில் ஏற்றி உற்சவம் காட்ட வேண்டும் என்று தாத்தாவுக்கு ஆசை. வலது தோளில்தான் ஏற்றுவார்" என்றார் வக்கீல்.

கல்லூரி நாட்களில் இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்தக் காலண்டர் எந்த ஊர் என்று அப்போது தெரியாதே" என்று பதில் சொன்னார்.

மடாலயத்துக்குப் பக்கத்திலேயே 1837-ம் ஆண்டு முதல் நடக்கும் ஒரு பலகாரக் கடை இருக்கிறது. முறுகலான மாவுக் கிண்ணத்துக்குள் பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு பாகை ஊற்றிச் சுட்டு, மேலே பட்டைப் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். மடத்துச் சாமியார்களின் பக்குவமாம். டாக்டர் சுத்த சைவம். "முட்டை கலந்திருக்கிறதா என்று கேள்" என்றார். கேட்டதில், முட்டையின் மஞ்சள் கருதான் அதில் பிரதானம் என்று தெரிந்தது. அவர் பங்கையும் நானே சாப்பிட நேர்ந்தது. நட்பு என்றால் இப்படிச் சில தியாகங்கள் செய்துதானே தீர வேண்டும்?

அன்று இரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. எஞ்சினியர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அணைத்து வைத்துவிட்டு, வக்கீலிடம் போய், "எனக்குத் தெரியாது, அப்பா" என்று ஒரே வார்த்தை சொன்னார். வக்கீல், "தெரிந்திருக்க நியாயமில்லை" என்றார். அவ்வளவுதான் சமாதான உடன்படிக்கை. அட்டவணை அதன்பின் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள்தான் நாங்கள் உண்மையில் லிஸ்பனைப் பார்த்தோம் என்று சொல்வேன். காலையில் மஞ்சள் டிராமில் ஏறினோம். இருபத்தெட்டாம் எண் வண்டி. பலகை ஆசனங்களும் பித்தளைக் கைப்பிடிகளுமாக, 1930-களில் செய்த வண்டிகளை இன்னும் ஓட்டுகிறார்கள். சென்னையில் டிராமை 1953-ல் நிறுத்திவிட்டார்கள். இந்த ஊரார் விடவில்லை. ஏற்றத்தில் முனகுகிறது, இறக்கத்தில் கிறீச்சிடுகிறது. சந்து குறுகும் இடத்தில் கையை வெளியே நீட்டினால் வீட்டுச் சுவரைத் தொடலாம். ஒரு திருப்பத்தில் சந்தின் கோடியில் நீலமாக ஆறு தெரிந்தது. நாலு பேரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலண்டர்!

ஷியாதோ என்ற கடைவீதியில் இறங்கினோம். அங்கே 1732-ம் ஆண்டில் தொடங்கி இன்று வரை நடந்துவரும் புத்தகக் கடை ஒன்று உண்டு. அதன் அலமாரிகளுக்கு இடையே நின்றபோது எனக்கு இன்னொரு புத்தகம் நினைவுக்கு வந்தது. தமிழ் மொழியில் முதன்முதல் அச்சேறிய புத்தகம் எங்கே வெளிவந்தது என்று நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதே லிஸ்பன் நகரத்தில், 1554-ல். கிறிஸ்தவ ஜபங்கள் அடங்கிய சிறு நூல் அது. தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலமாதலால் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சேறியது 1578-ல், கொல்லத்தில். லிஸ்பன் நூலைத் தயாரிப்பதில் உழைத்தவர்கள் அந்நகரில் இருந்த மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்களே அவர்களுக்கு எஞ்சியிருக்கின்றன. அந்த மூவரும் இதே மேடுகளில் ஏறி இறங்கியிருப்பார்கள். ஊர் நினைவு வந்தபோது தமிழில் பேச ஒருவருக்கு மற்ற இருவர்தான் இருந்திருப்பார்கள். இதைச் சொன்னதும் டாக்டர், "நாம் நாலு பேர், ஒருவர் அதிகம்" என்றார்.

புத்தகக் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கார்மோ என்ற சிறிய சதுக்கம். சுற்றிலும் ஜக்கராந்தா மரங்கள். மே மாதக் கடைசியில் இலை தெரியாமல் ஊதாப்பூ. ஒரு பக்கத்தில் கூரையில்லாத பெரிய தேவாலயம். 1755-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, சகல புனிதர் திருநாளன்று, ஜனங்கள் கோயில்களில் கூடியிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எழும்பி வந்து வாரிக்கொண்டது. திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள் சாய்ந்து பற்றிய தீ பல நாள் எரிந்தது. அந்த நாளின் அடையாளமாக இந்தக் கோயிலின் கல் வளைவுகளை வானத்தைப் பார்க்க அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இங்கே எஞ்சினியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பூகம்பத்துக்குப் பிறகு பொம்பால் பிரபு என்ற மந்திரி நகரத்தின் தாழ்ந்த பகுதியை நேர்க்கோட்டுத் தெருக்களாக எடுத்துக் கட்டினார். சுவர்களுக்குள்ளே பறவைக் கூண்டு போல் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வைத்தார்கள். பூமி ஆடினால் சுவரும் கூட ஆடிக்கொடுக்கும். ஒரேயடியாக இடிந்து விழாது. எஞ்சினியர் ஒரு காகிதத்தில் படம் போட்டு முக்கால் மணி நேரம் இதை விளக்கினார். நிமிஷக் கணக்கை அவரே மறந்துவிட்டார் என்பதை நாங்கள் அவருக்கு நினைவூட்டவில்லை.

சதுக்கத்தில் ஒரு காபிக் கடை. இந்த ஊரில் காபியைச் சின்னஞ்சிறு கிண்ணத்தில் மூன்று வாய்க்குமேல் வராதபடி கொடுக்கிறார்கள். நம் டிகாக்ஷனைப் பால் கலக்காமல் குடித்தது போலிருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். யாரும் வந்து மேசையைத் துடைத்து நம்மை எழுப்புவதில்லை. நாங்களும் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழவர், பக்கத்தில் ஊன்றுகோல். கப்பலில் வேலை பார்த்தவராம். ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. எந்த தேசம் என்று கேட்டார். இந்தியா என்றோம்.

"கோவா?" என்றார்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோவா இல்லை. ஆனால் என் தாத்தா கோவாவில் அடி வாங்கினார். உங்கள் போலீசாரிடம்."

எனக்குத் திக்கென்றது. கிழவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தமது முழங்காலைத் தட்டிக் காட்டி, "கினி" என்றார். துண்டு துண்டாக அவர் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவர் படித்த காலத்தில் சுவரில் ஒரு பூகோளப் படம் உண்டாம். அதில் போர்த்துகல், அங்கோலா, மொஸாம்பிக், கோவா எல்லாம் ஒரே நிறம். எல்லாம் நம் வீடு என்று பாடம். வயது வந்ததும் பட்டாளத்தில் பிடித்துப் போட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் கினி தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். விடுதலை கேட்ட ஜனங்களை அடக்குவதற்கு இரண்டு வருஷம். கண்ணிவெடியில் கால் போகாமல் தப்பியது. முழங்கால் மடங்காமல் போயிற்று.

அந்த நாளைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1932 முதல் 1968 வரை போர்த்துகலில் சலாசர் என்பவர் சர்வாதிகாரம் செய்தார். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது, கடைசி ஆள் வரையில் போரிட்டுச் சாக வேண்டும் என்று தம் சைனியத்துக்கு உத்தரவிட்டார். அங்கிருந்த கவர்னர் ஜெனரல் வஸ்ஸாலோ எ சில்வா அத்தனை உயிரைப் பலி கொடுக்க மனமில்லாமல் சரணடைந்தார். அதற்காக அவரை 1963-ல் இராணுவத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். சலாசர் போன பிறகும் அவருடைய ஆட்சி முறை போகவில்லை. ஆப்பிரிக்க யுத்தமும் ஓயவில்லை. கடைசியில் அந்த யுத்தத்தில் சலித்துப்போன இராணுவ அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-ம் தேதி கிளர்ந்தெழுந்தார்கள். சலாசருக்குப் பின்வந்த பிரதம மந்திரி கயெத்தானோ ஒளிந்திருந்ததும் சரணடைந்ததும் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்த இதே கார்மோ சதுக்கத்துப் போலீஸ் பாளையத்தில்தான். உணவு விடுதிப் பணிப்பெண் ஒருத்தி கையிலிருந்த கார்னேஷன் பூவைப் படைவீரன் ஒருவனிடம் கொடுக்க, அவன் அதைத் துப்பாக்கிக் குழாயில் சொருகிக்கொண்டான். ஊரெல்லாம் அதைப் பின்பற்றிற்று. இரகசியப் போலீசார் சுட்டதில் நாலு பேர் இறந்தார்கள் என்றாலும், புரட்சிக்குப் பெயர் பூவின் பெயராயிற்று. அந்த வருஷக் கடைசியில்தான் கோவா இந்தியாவுடையது என்று போர்த்துகல் ஒப்புக்கொண்டது. வஸ்ஸாலோ எ சில்வாவுக்குப் பறிபோன மரியாதையும் அப்போதுதான் திரும்பியது. ஆற்றின்மேல் 1966-ல் சலாசர் பெயரில் கட்டிய பெரிய பாலத்துக்கு ஏப்ரல் 25 என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

"நான் இங்கே நின்றுகொண்டிருந்தேன்" என்றார் கிழவர், ஊன்றுகோலால் ஒரு மரத்தடியைக் காட்டி. "என்னால் மரத்தில் ஏற முடியவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஏறியிருந்தார்கள்."

வக்கீல் கைபேசியில் தம் தாத்தாவின் படத்தை எடுத்து அவரிடம் காட்டினார். கதர்ச் சட்டையும் வெள்ளை மீசையுமாக ஒரு கிழவர். லிஸ்பன் கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எங்கே அடி?" என்று கேட்டார். வக்கீல் தம் இடது தோளைத் தொட்டுக் காட்டினார். கிழவர் தலையை அசைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை, வக்கீலும் எதிர்பார்க்கவில்லை. போகும்போது எங்கள் நாலு பேர் காபிக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்பது பிறகு கடைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சாந்தா லுஸியா என்ற மேட்டு மாடத்தில் போய் உட்கார்ந்தோம். பந்தலில் காகிதப்பூ, சுவரில் நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்கள். பூகம்பத்துக்கு முந்திய அரண்மனைச் சதுக்கத்தை ஒரு சித்திரத்தில் காணலாம். கீழே செங்கூரைகள் படி இறங்கித் தேழு ஆற்றில் போய் முடிகின்றன. அந்த மாதத்தில் சூரியன் ஒன்பது மணிக்குச் சற்று முன்புதான் மறைகிறது. நாலு பேரும் ஒன்றும் செய்யவில்லை. விடுதிச் சமையல்காரரின் சாம்பாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்போம். நடுவில் திரும்பிப் பார்த்தால் டாக்டர் பெஞ்சியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

இரவில் சங்கீதம் கேட்கப் போனோம். அந்த ஊர்ச் சங்கீதத்துக்கு ஃபாடோ என்று பெயர். அவர்கள் உச்சரிக்கும்போது 'ஃபாடு' என்று காதில் விழுகிறது. விதி என்று அர்த்தமாம். நம் மொழியிலும் 'பாடு' என்றால் பாட்டுக்கும் ஏவலாகும், படும் துன்பத்துக்கும் பெயராகும். எதேச்சையாக நேர்ந்த பொருத்தந்தான், ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கைத் தணித்துவிடுகிறார்கள். தட்டும் கரண்டியும் ஓய்கின்றன. கறுப்புச் சால்வை போர்த்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பன்னிரண்டு தந்திகள் உள்ள கிட்டார் ஒன்று கூடவே அழுதது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. டாக்டர் விழித்துக்கொண்டு கேட்டார் என்றால் பாட்டின் தரத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடைசி நாள் காலையில் வக்கீலைக் காணவில்லை. பதினொரு மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெலெம் கடைப் பலகாரம், ஆறு.

"இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குள்ளும் போனேன். ஐந்து நிமிஷம் நின்றேன். தாத்தாவின் படத்தை அவனுக்குக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்" என்றார். மேலே ஒன்றும் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். டாக்டர் கூடப் பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கார அம்மாளிடம் சாவியைக் கொடுத்து, "ஷாவ்" என்றேன். "சாவி" என்று திருத்தினார் எஞ்சினியர். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே "சாவி" என்று சொல்லிப் பார்த்தாள். இந்தத் தெருவில் தன் வயதுக்காரர்கள் இப்போது இரண்டே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றும், மற்ற வீடுகளெல்லாம் எங்களைப் போன்ற பிரயாணிகளுக்கு வாடகைக்குப் போய்விட்டன என்றும் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பெட்டியை உருட்டிக்கொண்டு அந்தப் படிகளில் சத்தத்தோடு இறங்க எங்களுக்குக் கூச்சமாயிருந்தது. தலையில் வைத்துக்கொண்டு இறங்கினோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே பாடத்துக்கு வருவேன். இந்தத் தடவை கரும்பலகையில் ஆண்டை எழுதுவதற்கு முன், வகுப்பறை ஜன்னலையும் என் மேசையையும் காட்டிப் பெயர் கேட்கலாம் என்றிருக்கிறேன். 1498-க்கு அடுத்த வரியில் 1502-ஐயும் எழுதுவேன், 1955-ஐயும் எழுதுவேன். ஊதாப்பூ மரத்தடியில் ஏற முடியாமல் நின்ற ஒரு சிப்பாயைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பரீட்சையில் கேட்க மாட்டார்கள், போகட்டும்.

ஊர் வந்து சேர்ந்ததும் சகதர்மிணி, "முப்பத்தொரு இடத்தில் எத்தனை பார்த்தீர்கள்?" என்று விசாரித்தாள். எண்ணிப் பார்த்து ஏழு என்றேன்.

"ஏழுக்கா இவ்வளவு பணம்!" என்றாள்.

சீட்டில் இன்னும் பதினான்கு தவணை பாக்கி. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று இதை எழுதி முடிக்கும் வரையில் எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தை அச்சில் படிக்கும்போது அவளே தெரிந்துகொள்வாள் என்று நம்பியிருக்கிறேன்.